பழி அவள் தலையில், நஞ்சு அவன் முதுகில்

கடந்த ஆடி மாதத்தில் ஒரு நாள், எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் மாலைக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் என்னைத் தனியே அழைத்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். திருமணமாகி ஆறு ஆண்டுகள். குழந்தை இல்லை.

"அண்ணே, வெக்கத்த விட்டு ஒண்ணு கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தார்.

கோயிலில் மண்சோறு சாப்பிட்டாயிற்று. வேப்பமரத்தில் தொட்டில் கட்டியாயிற்று. தனியார் மருத்துவமனையில் மூன்று முறை ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் படம் எல்லாம் முடிந்துவிட்டன. காதுத் தோடு இரண்டு ஆண்டுகளாக அடகுக் கடையில் இருக்கிறது. மாமியார் வீட்டில் இப்போது இரண்டாம் கல்யாணப் பேச்சு அடிபடுகிறது.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்குதுன்னு சொல்றாங்கண்ணே. அவர ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னா சண்டதான் வருது. நீங்க சொன்னா கேப்பாரு."

அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கப் போகிறவர். டேங்குக்கு இவ்வளவு என்று கூலி. பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, சீசனில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வரப்பில் நடப்பவர். கையுறை கிடையாது. மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். டேங்க் ஒழுகினால் இடுப்புக்குக் கீழே வேட்டி நனையும். நனைந்த வேட்டியோடே அடுத்த டேங்கை நிரப்புவார்.

திண்ணையில் உட்கார்ந்து பேச்சை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்கு என்னண்ணே குறை? நான் ஆம்பளதானே?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் தமிழ் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்ல. வீட்டுக்கு வந்து தேடினேன், தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டேன். அவருடைய கேள்விக்கான பதில் 1977-ஆம் ஆண்டிலேயே, அவரைப் போல நஞ்சைக் கையாண்ட தொழிலாளர்களின் உடலிலிருந்தே கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அதை நம் மக்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விதையும் நிலமும்

குழந்தை இல்லாத பெண்ணைக் குறிக்க நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. மலடி. சண்டையில் முதலில் வந்து விழும் சொல் அது. மலடன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆனால் அதை யாராவது ஒருவரைப் பார்த்துச் சொல்லி எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? ஒரு சொல் நாக்கிலேயே இருக்கிறது, இன்னொரு சொல் அகராதியில் கிடக்கிறது என்றால், பழியை யார் மீது போடுவது என்று சமூகம் முன்பே முடிவு செய்துவிட்டது என்று பொருள்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. ஆண் விதை, பெண் நிலம். விதை எப்போதும் நல்லது. முளைக்கவில்லை என்றால் நிலம்தான் தரிசு. இந்த எண்ணம் நம் நாட்டில் மட்டும் இருந்ததல்ல. ஐரோப்பாவிலும் இருந்தது. 1677-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹூக் என்பவர், தானே செய்த கண்ணாடி வில்லையின் வழியே மனித விந்தில் வாலோடு நெளியும் உயிரணுக்களைப் பார்த்தார். அவர் பல்கலைக்கழகம் போனவர் அல்ல, துணி வியாபாரி. விந்தணுவைப் பார்த்த பிறகும் பழைய எண்ணம் போகவில்லை. விந்தணுவின் தலைக்குள்ளேயே ஒரு குட்டி மனிதன் குந்தியிருக்கிறான், பெண்ணின் வயிறு அவனை வளர்க்கும் இடம் மட்டுமே என்று அறிஞர்கள் படம் வரைந்தார்கள்.

பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டுபிடிக்க அதன் பிறகு 150 ஆண்டுகள் ஆயின. 1827-இல் வான் பேயர் அதைக் கண்டார். கடல் முள்ளெலி என்ற சிறு உயிரியில் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்று சேர்வதைக் கண்டு 1876-இல் எழுதியவர் ஆஸ்கர் ஹெர்ட்விக். அப்போதுதான் விதை-நிலம் கதை முடிந்தது. தாயிடமிருந்து 23 குரோமோசோம், தந்தையிடமிருந்து 23 குரோமோசோம். பாதிக்குப் பாதி. ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்பதைத் தீர்மானிப்பதுகூட விந்தணு கொண்டுவரும் குரோமோசோம்தான். பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளை ஏசும் மாமியார், அறிவியல்படி பார்த்தால் தன் மகனைத்தான் ஏச வேண்டும்.

குழந்தையின்மையிலும் கணக்கு இதுதான். ஓராண்டு காலம் தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதைச் சந்திக்கிறார் என்று 2023-இல் அந்த நிறுவனம் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவம் நீண்ட காலமாகச் சொல்லிவருவது. பாதிக் காரணம் ஆணிடம் இருக்க, முழுப் பழியும் பெண் தலையில் ஏறுகிறது. ஸ்கேன், ஊசி, விரதம், அடகு என்று எல்லாம் அவளுக்கு. அவனுக்கு மட்டும் எதுவும் இல்லை.

லாத்ரோப் தொழிலாளர்கள் கேட்ட கேள்வி

இனி 1977-க்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்று ஓர் ஊர். அங்கே ஆக்ஸிடென்டல் நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை. அதில் ஒரு பிரிவில் டிபிசிபி என்ற நஞ்சைக் கலந்து டப்பாவில் அடைப்பார்கள். பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்தும் மருந்து அது. நெமகான், ஃப்யூமசோன் என்ற பெயர்களில் உலகம் முழுக்க விற்றது.

அந்தப் பிரிவில் வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒன்றைக் கவனித்தார்கள். அங்கே சேர்ந்து சில ஆண்டுகள் ஆனவர்கள் யாருக்கும் புதிதாகக் குழந்தை பிறக்கவில்லை. ஒருவருக்கு என்றால் அது அவர் வீட்டு விஷயம். இத்தனை பேருக்கும் என்றால்? அவர்கள் தங்கள் சங்கத்திடம் சொன்னார்கள். எண்ணெய், வேதிப்பொருள், அணுத்துறைத் தொழிலாளர்களின் சங்கம் அது. சிலர் தாங்களாகவே முன்வந்து விந்துப் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தார்கள். முடிவு வந்தபோது சந்தேகம் உறுதியானது.

பிறகு டாக்டர் டொனால்டு வொர்ட்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் முறையாக ஆராய்ந்தார்கள். குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ளாத 25 ஆண்களைப் பரிசோதித்ததில் 14 பேரிடம் பாதிப்பு தெரிந்தது. விந்தணு மிகக் குறைவாக இருந்தது, அல்லது ஒன்றுகூட இல்லை. விந்தணு எண்ணிக்கை மிகவும் வீழ்ந்திருந்தவர்கள் எல்லோரும் குறைந்தது 3 ஆண்டுகள் அந்த நஞ்சோடு வேலை செய்தவர்கள். எண்ணிக்கை நன்றாக இருந்தவர்களோ 3 மாதத்துக்கு மேல் அதைத் தொடாதவர்கள். 1977 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

இந்த ஆய்வில் நம் ஊர்க்காரரின் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தது. மீசை, குரல், உடல் வலு, ஆசை எதிலும் அவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. ஏன் அப்படி? விரைக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒரு வகை அணுக்கள் ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. இன்னொரு பக்கம், நூலைப் போன்ற மிக மெல்லிய குழாய்களுக்குள் விந்தணு உற்பத்தியாகிறது. டிபிசிபி முதல் வேலையை விட்டுவிட்டு இரண்டாவது வேலையைக் கெடுத்தது. உற்பத்தி நின்றதும், 'இன்னும் செய், இன்னும் செய்' என்று மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கூடுதலாக ஹார்மோனை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஹார்மோன் அளவு அவர்கள் இரத்தத்தில் உயர்ந்திருந்ததையும் ஆய்வு காட்டியது.

ஆக, ஆண்மை வேறு, விந்தணு வேறு. விந்துவில் விந்தணு இருக்கிறதா இல்லையா என்பதை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்ட ஆண் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று உண்மையாகவே நம்புவான். நுண்ணோக்கி ஒன்றுதான் சொல்ல முடியும். "நான் ஆம்பளதானே?" என்று கேட்டவரிடம் இன்று நான் சொல்வேன்: ஆமாம் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. பரிசோதனை அதைப் பற்றியதே அல்ல.

முன்பே தெரிந்திருந்தது

இதில் கொடுமை என்னவென்றால், டிபிசிபி இப்படிச் செய்யும் என்பது 1977-இல் திடீரென்று தெரியவந்தது அல்ல. அதைத் தயாரித்த டோ, ஷெல் நிறுவனங்களுக்காக 1950-களிலேயே விலங்குகளில் சோதனை நடந்தது. அந்த நஞ்சை முகர்ந்த எலிகளின் விரை சுருங்கியது. அந்த முடிவுகள் 1961-இல் ஓர் அறிவியல் இதழில் அச்சாகவும் செய்தன. அச்சான தாள் நூலகத்தில் இருந்தது. நஞ்சு தொழிலாளியின் கையில் இருந்தது. நடுவில் 16 ஆண்டுகள் ஓடின. எலிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குச் சொல்லப்படவில்லை.

செய்தி வெளியான பிறகும் ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் பீச் பழம் பயிரிடும் விவசாயிகளின் தேசிய அமைப்பு, தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்கு 1977 செப்டம்பரில் எழுதியது. மலட்டுத்தன்மை ஒன்றும் அவ்வளவு கெட்டது அல்ல, காசு கொடுத்து அதைச் செய்துகொள்பவர்களே இருக்கிறார்களே, இனிக் குழந்தை வேண்டாம் என்று இருக்கும் வயதான தொழிலாளர்களை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்பது அந்தக் கடிதத்தின் யோசனை.

படிக்கும்போது சிரிப்பு வரலாம். நமக்கு வரக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டுதான், நெருக்கடிநிலைக் காலத்தில், நம் நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்யப்பட்டது. இலக்கை முடிக்க வண்டி போன இடங்கள் பெரும்பாலும் ஏழைகளின் தெருக்கள், சேரிகள். பீச் தோட்டத்துக்காரரின் கடிதமும் நம் ஊர் வண்டியும் ஒரே எண்ணத்தில் இருந்து வந்தவை. சிலருடைய சந்ததி காக்கப்பட வேண்டியது. சிலருடைய சந்ததி போனால் போகட்டும். சாதி என்பதும் இதே கணக்கைத்தான் வேறு மொழியில் சொல்கிறது.

கலிபோர்னியா மாநிலம் அந்த ஆண்டே டிபிசிபியை நிறுத்தியது. 1979-இல் அமெரிக்க அரசு ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிறுத்தியது. ஹவாயில் 1985-இல்தான் நின்றது. ஆனால் தடை அமெரிக்க எல்லையோடு முடிந்துபோனது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்கு அந்த நஞ்சு தொடர்ந்து போனது. டோ நிறுவனம் விற்பனையை நிறுத்தப் பார்த்தபோது, ஒப்பந்தப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஸ்டாண்டர்டு ஃப்ரூட் என்ற வாழைப்பழ நிறுவனம் வற்புறுத்தியது. பின்னால் வழக்கு வந்தால் இழப்பீட்டுப் பொறுப்பைத் தான் ஏற்பதாகச் சொல்லி வாங்கியது. வழக்கு வரும் என்று தெரிந்திருந்தது, வேலையும் நடந்தது.

கோஸ்டாரிகா தொழிலாளர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கை அங்கேயே நடத்தலாம் என்ற தீர்ப்பைப் பெறவே 1990 ஆகிவிட்டது. நிகரகுவா நாட்டில் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள், ஆண்களும் பெண்களுமாக, சினாந்தேகா பகுதியிலிருந்து தலைநகர் மனாகுவாவுக்கு நடந்தே போய்ப் போராடினார்கள். அவர்களுக்காக அந்த நாடு 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவந்தது. கூலிக்காரன் தன் குழந்தையின்மையைப் பற்றி வெளியில் பேச வெட்கப்படாமல் இருந்ததால் நடந்தவை இவை எல்லாம்.

நம் வரப்புக்கு வருவோம்

இந்தியாவில் டிபிசிபி தடை செய்யப்பட்டது 1989-இல். லாத்ரோப் ஆய்வு வெளியாகி 12 ஆண்டுகள் கழித்து.

இன்று நம் வயலில் அடிக்கும் மருந்துகள் வேறு. மருந்தடிக்கிறவர்கள் எல்லோருக்கும் குழந்தை பிறக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். பிள்ளை குட்டிகளோடு வாழும் மருந்தடிப்பவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். விந்தணுக் குறைவுக்கு விதைப்பையில் நரம்பு புடைப்பது, பருவமடைந்த பிறகு வந்த பொன்னுக்குவீங்கி, பால்வினை நோய்த்தொற்று, புகையிலை, குடி என்று பல காரணங்கள் உண்டு. வெப்பமும் ஒரு காரணம். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூட்டில் இருப்பதற்காகத்தான். செங்கல் சூளையிலும் பேக்கரி அடுப்படியிலும் நாள் முழுக்க நிற்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: லாத்ரோப் தொழிலாளர்களைப் போலக் கேட்டுப் பார்த்தால் ஒழிய, நமக்குத் தெரிய வழியே இல்லை. கேட்டுப் பார்த்த சில இடங்களில் கிடைத்த பதில் நல்லதாக இல்லை. இந்தியாவின் பருத்தி வயல்களில் மருந்தடிக்கும் ஆண்களின் குடும்பங்களை மற்றக் குடும்பங்களோடு ஒப்பிட்டு 1991-இல் ஓர் ஆய்வு வெளியானது. மருந்தடிப்பவர்களின் வீடுகளில் கருச்சிதைவு கூடுதலாக இருந்தது என்று அது கண்டது.

மருந்து என்ற சொல்லையே பாருங்கள். நோயைத் தீர்ப்பதற்கும் அதுதான் பெயர், வயலில் அடிக்கும் நஞ்சுக்கும் அதுதான் பெயர். ஒருவர் சாகக் குடித்தாலும் 'மருந்து குடிச்சிட்டான்' என்றுதான் சொல்கிறோம். நஞ்சை நஞ்சு என்று சொல்லாத வரை கையுறை எதற்கு என்றுதான் தோன்றும்.

மருந்து டப்பாவில் முக்கோண வடிவில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை முக்கோணத்தைக் காட்டி, இது ஒன்றும் செய்யாது, பயப்படாமல் அடி என்று சொல்லும் தோட்டக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் எதைச் சொல்கிறது தெரியுமா? எவ்வளவு உள்ளே போனால் உடனடியாக உயிர் போகும் என்பதை. பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே ஏறினால் விந்தணுவுக்கு என்ன ஆகும், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அந்த முக்கோணம் சொல்வதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும், அதன்கீழ் வந்த 1971-ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. பூச்சிக்கொல்லியைக் கையாள்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை, மூச்சுப் பாதுகாப்பு, பயிற்சி, குறித்த கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை என்று அந்த விதிகள் பேசுகின்றன. டேங்க் கணக்கில் கூலி வாங்கும் ஒருவருக்கு, எந்தத் தோட்டத்துக்காரர் மருத்துவப் பரிசோதனை செய்து வைத்தார்? நான் இதுவரை ஒருவரையும் பார்க்கவில்லை. நம் மாவட்டத்தில் நிலம் வைத்திருப்பவர் யார், டேங்க் சுமப்பவர் யார் என்று நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மருந்து அடித்த மறுநாளே அதே வயலில் களையெடுக்கவும் பருத்தி பொறுக்கவும் இறங்கும் நம் பெண்களின் உடலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

செய்ய வேண்டியது

முதலில் ஆண்களுக்கு. விந்துப் பரிசோதனையில் ஊசி கிடையாது, கத்தி கிடையாது, வலி கிடையாது. மனைவிக்குச் செய்த சோதனைகள் எல்லாவற்றையும்விட எளிது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்க வேண்டும். கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு மில்லி லிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கீழ் அளவாகச் சொல்லியிருக்கிறது. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை; மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு பரிசோதனையை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது.

இன்னொரு செய்தி நம்பிக்கை தருவது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 70 முதல் 75 நாட்கள் ஆகின்றன. அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள். அதாவது இன்று உடலில் இருப்பது மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய உற்பத்தி. நஞ்சிலிருந்தும் சூட்டிலிருந்தும் போதையிலிருந்தும் விலகியவருக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் மாற்றம் தெரிய வாய்ப்பு உண்டு. டிபிசிபி பாதித்த தொழிலாளர்களிலும், விந்தணு குறைந்திருந்தவர்களில் சிலருக்கு வேலையை விட்ட பிறகு மீண்டது. விந்தணு அறவே இல்லாமல் போனவர்களில் பலருக்கு மீளவில்லை. ஆகவே காலம் தாழ்த்தாமல் பார்ப்பது முக்கியம்.

அடுத்தது அரசுக்கு. குழந்தையின்மைக்காக ஒரு பெண் அரசு மருத்துவமனைப் படியேறினால், கணவனின் பரிசோதனையும் அவளுடைய முதல் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். அது வட்ட அரசு மருத்துவமனை வரை இலவசமாகக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் தோடுகள் அடகுக் கடைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். வந்தவர் என்ன வேலை செய்கிறார், மருந்தடிக்கிறாரா, சூளையில் நிற்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால்தான் நாளைக்கு ஓர் ஊரில் இத்தனை பேருக்கு ஏன் இப்படி என்று யாராவது கேட்க முடியும்.

மூன்றாவது, நம் இயக்கங்களுக்கும் மாணவர்களுக்கும். கூலி உயர்வு கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கையுறையும் ஒழுகாத டேங்கும் குளிக்கத் தண்ணீரும் அதே பட்டியலில் சேரட்டும். கல்லூரியில் விலங்கியல், வேதியியல், செவிலியர் படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது டப்பாவின் துண்டுத்தாளைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். நுண்ணெழுத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதே ஒரு பெரிய வேலை.

1928-இல் பம்பாய் சட்ட சபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தொழிலாளியின் உழைப்பால் இலாபம் அடையும் முதலாளி, பேறுகாலச் சுமையில் ஒரு பங்கை ஏற்பதுதான் நியாயம் என்பது அவருடைய வாதம். ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் வயிறு அவளுடைய தனி விவகாரம் என்று பலர் நினைத்த காலத்தில் அவர் அதைப் பற்றிச் சட்ட சபையில் பேசினார். அதே நியாயம்தான் டேங்க் சுமக்கும் ஆணுக்கும். அவன் உடலில் ஏறும் நஞ்சு யாருடைய விளைச்சலுக்காக ஏறுகிறதோ, அவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டு.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் நான் ஒரே நாளில் சொல்லவில்லை. லாத்ரோப் கதையை மட்டும் சொன்னேன். வெள்ளைக்காரத் தொழிலாளிகள், அவர்களும் நம்மைப் போல மருந்தைத் தொட்டவர்கள், வெட்கப்படாமல் பரிசோதனைக்குப் போனார்கள், அதனால் உலகத்துக்கே ஓர் உண்மை தெரிந்தது என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க போகணும், எப்ப போகணும்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றார்.

போனார். என்ன முடிவு வந்தது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் உரியது. நான் எழுத மாட்டேன். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் அவரும் நின்றுகொண்டிருந்தார், கையில் மருத்துவமனைக் கோப்போடு. "முடிவு என்னவோ ஆகட்டும்ணே" என்றார் அந்தப் பெண். "இப்பல்லாம் ரெண்டு பேரும் சேந்துதான் பஸ் ஏறுறோம்."